நீக்கம் வேறு, திருத்தம் வேறு: ஜான் சீகன்தாலர் நிகழ்வு ஆய்வு

குற்றச்சாட்டு

2005 மே 26 அன்று, பெயர் தெரிவிக்காத ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைப் பற்றி ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பைப் பதிந்தார். 1960-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தார் என்று அது தொடங்கியது. அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் ஆகிய இருவரின் கொலைகளிலும் சீகன்தாலருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகச் சிறிது காலம் கருதப்பட்டது என்றது அடுத்த வரி. எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்றது அதற்கும் அடுத்தது. 1971-ல் அவர் சோவியத் ஒன்றியத்துக்குக் குடிபெயர்ந்து 1984-ல்தான் திரும்பினார் என்றும் எழுதியிருந்தது.

இவற்றில் உதவியாளர் என்பது மட்டுமே உண்மை. சோவியத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஆண்டுகளில் அவர் நாஷ்வில் நகரின் டென்னசியன் நாளிதழை நடத்திக்கொண்டிருந்தார். 1982-ல் யுஎஸ்ஏ டுடே தொடங்கப்பட்டபோது அதன் தலையங்கப் பகுதிக்கு முதல் இயக்குநராக இருந்தவரும் அவரே. 1961-ல் மான்ட்கோமரி நகரில், இன ஒதுக்கலை எதிர்த்துப் பஸ்ஸில் வந்த இளைஞர்களைக் கும்பல் தாக்கியது. அரசின் பிரதிநிதியாக அங்கே இருந்த சீகன்தாலர் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்த் தலையில் குழாயால் அடிபட்டு நினைவிழந்து விழுந்தார். 1968-ல் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். சுமந்தவரையே கொலையில் சேர்த்து எழுதியிருந்தது அந்தக் குறிப்பு.

அவதூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வாசலில் ஓர் உண்மை நிற்கிறது. சரிபார்க்கிறவர் அதைச் சரிபார்த்துவிட்டு மற்றதை நம்பிவிடுவார். பிறகு ‘கருதப்பட்டது’ என்ற சொல். யார் கருதினார், எப்போது, எந்த விசாரணையில்? எழுவாய் இல்லாததால் மறுக்கவும் ஆள் இல்லை. கடைசியில் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று ஒரு போலி நடுநிலை. நியாயமாகப் பேசுவதுபோல் தோன்றும் இந்த மூன்றாவது வரிதான் என் பார்வையில் மிகக் கொடியது. குற்றத்தை உறுதியாகச் சொல்லியிருந்தால் படிப்பவர் ஆதாரம் கேட்பார். நிரூபணம் இல்லை என்று சொன்னதும் அந்தக் கேள்வியே எழாமல் போகிறது. இணைய விவாதங்களில் ஒருவர்மீது வீசப்படும் பழிகளில் பெரும்பாலானவை இன்றும் இதே மூன்று படிகளில்தான் ஏறி வருகின்றன.

மே 29 அன்று ஒரு தன்னார்வலர் அந்தக் குறிப்பைத் திருத்தினார். ஒரு சொல்லின் எழுத்துப் பிழையை மட்டும் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். இரட்டைக் கொலைச் சந்தேகம் அவர் கண்ணை உறுத்தவில்லை.

தட்டிய கதவுகள்

செப்டம்பரில் ஒரு நண்பர் தற்செயலாக அதைக் கண்டு சொல்லும்வரை சீகன்தாலருக்கு எதுவும் தெரியாது. அப்போது அவருக்கு வயது 78. அதன்பின் நடந்தவை இந்த நிகழ்வை ஆய்வுக்கு ஏற்றதாக ஆக்குகின்றன. எந்தக் கதவை எப்போது தட்டினார், அங்கே என்ன பதில் கிடைத்தது என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். இதுபோன்ற பிற விவகாரங்களில் இந்த விவரங்கள் வழக்கறிஞரின் கோப்புக்குள் போய் அடங்கிவிடும்.

முதல் முயற்சியை அவருக்குத் தெரியாமலே ஒரு சக பத்திரிகையாளர் செய்தார். செப்டம்பர் 23 அன்று பொய்யான குறிப்பை எடுத்துவிட்டு, சீகன்தாலரின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பை வேறொரு தளத்திலிருந்து எடுத்து ஒட்டினார். மறுநாளே, பதிப்புரிமை மீறல் என்று சொல்லி இன்னொருவர் அதை நீக்கி, சுருக்கமான புதிய குறிப்பை எழுதிவைத்தார். பொய் பக்கத்திலிருந்து போனது. ஆனால் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் பக்க வரலாற்றில் யாரும் எடுத்துப் பார்க்கும்படி அப்படியே கிடந்தது. நல்லெண்ணத்தோடு சத்தமில்லாமல் செய்த இந்தத் திருத்தத்தில் ஒரு குறை இருந்தது: நான்கு மாதங்களாகப் படித்துவிட்டுப் போன எவருக்கும் அது பொய் என்ற தகவல் போய்ச் சேரவில்லை.

அடுத்து, விக்கிப்பீடியாவின் நிறுவனர் ஜிம்மி வேல்ஸைச் சீகன்தாலர் நேரடியாகத் தொடர்புகொண்டார். இதை எழுதியது யார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. ஆனால் அக்டோபர் 5 அன்று பழைய பதிப்புகள் வரலாற்றிலிருந்தும் மறைக்கப்பட்டன. அந்நாளில் அது வழக்கத்தில் இல்லாத நடவடிக்கை. தன் பெயரின் கீழே பொய் இருந்த காலம் 132 நாள் என்று சீகன்தாலர் கணக்கிட்டது மே 26-லிருந்து இந்தத் தேதிவரைதான்.

அதற்குள் விக்கிப்பீடியாவிலிருந்து தானாக நகலெடுக்கும் வேறு இரு தளங்களில் அதே வரிகள் நின்றுகொண்டிருந்தன. கண்டுபிடித்தவர் அவருடைய மகன், அவரும் பத்திரிகையாளர். மூலத்தில் நீக்கிய பிறகும் அந்த நகல்கள் ஏறத்தாழ மூன்று வாரம் இருந்தன.

எழுதியவரின் ஐபி முகவரி, அதாவது அவருடைய இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், மட்டும் கையில் இருந்தது. அது பெல்சவுத் இணைய நிறுவனத்துடையது. நீதிமன்ற ஆணை இல்லாமல் வாடிக்கையாளரின் பெயரைத் தர முடியாது என்றார்கள். பெயர் வேண்டுமானால், அடையாளம் தெரியாத ஒருவர்மீது வழக்குத் தொடுத்து, அதன் வழியே அழைப்பாணை பெற வேண்டும்.

இனி வழக்கு. விக்கிப்பீடியாமீது வழக்குப் போட வழியில்லை. 1996-ல் வந்த தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்கு அதைத் தாங்கும் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்கிறது. எழுதியவர்மீது போடலாம், ஆனால் அமெரிக்காவில் பொது வாழ்வில் இருப்பவர், 1964-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, எழுதியவர் பொய் என்று தெரிந்தே, அல்லது உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதினார் என்று காட்டியாக வேண்டும். அதோடு, சீகன்தாலர் பேச்சுரிமைக்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 1991-ல் ஒரு மையத்தையே நிறுவியவர். நீதிமன்றத்துக்குப் போனால் அவருடைய வாழ்நாள் வாதத்தை அவரே மறுப்பதாகப் பலர் படித்திருப்பார்கள். இந்தத் தயக்கத்தைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வழக்குப் பதிவானால் ‘கொலைச் சந்தேகம் பற்றி வழக்கு’ என்பது செய்தியாகியிருக்கும்; அவருடைய பதிலோ மாதக்கணக்கில் மனுக்களுக்குள் கிடந்திருக்கும்.

பதில்

2005 நவம்பர் 29 அன்று அவர் யுஎஸ்ஏ டுடேயில் ஒரு கட்டுரை எழுதினார்.

அவதூறுக்கு ஆளானவர்கள் எழுதும் மறுப்புகளில் பொதுவாக ஒரு கூச்சம் இருக்கும். ‘என்னைப் பற்றிச் சிலர் பரப்பும் ஆதாரமற்ற செய்திகள்’ என்று மூடி மறைத்துப் பேசுவார்கள். படிப்பவருக்கு என்ன செய்தி என்று தெரியாது. தேடிப் போய்க் குற்றச்சாட்டை அதன் மூல வடிவத்திலேயே, மறுப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் படிப்பார். சீகன்தாலர் கொலைச் சந்தேக வரிகளைத் தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே முழுதாக எடுத்துப் போட்டார். இனி அந்த வரிகளைத் தேடுகிறவருக்கு அவருடைய பதிலும் கூடவே கிடைக்கும்.

இரண்டாவதாக, உண்மையான வரியை உண்மை என்று ஒப்புக்கொண்டார். ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தேன்; அவருடைய சவப்பெட்டியையும் சுமந்தேன். அவ்வளவுதான். கொலை நடந்த நாள்களில் எங்கே இருந்தேன், யார் சாட்சி என்றெல்லாம் அவர் இறங்கவில்லை. அப்படி இறங்கியிருந்தால், விசாரிக்கத் தகுந்த ஒரு சந்தேகம் இருக்கிறது என்பதை அவரே ஏற்றுக்கொண்டதாக ஆகியிருக்கும். யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு விவரம், அதைச் சொன்னதும் குற்றச்சாட்டு தன் கோணலைத் தானே காட்டிவிடுகிறது. பத்து மறுப்புகளைவிட இது வலுவானது என்று நினைக்கிறேன். பத்து மறுப்பு எழுதினால் அவற்றில் மிகப் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு விவாதம் நீளும்.

மூன்றாவதாக, கட்டுரையின் பெரும்பகுதி தளத்தின் நிறுவனர், இணைய நிறுவனம், சட்டம் என்று ஒவ்வொரு கதவிலும் கிடைத்த பதிலைப் பற்றியது. தன் மானத்தைப் பற்றிய புலம்பலாக இல்லாமல், இது யாருக்கும் நடக்கலாம் என்ற தகவலாக அது மாறியதால்தான் அவரை அறியாதவர்களும் படித்தார்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எழுதியவரை ‘நோய்பிடித்த மனம்’ என்ற பொருளில் அவர் திட்டியிருந்தார். கோபம் நியாயமானதே. ஆனால் யார் என்றே தெரியாத ஒருவருடைய நோக்கத்தைப் பற்றி அவரும் ஊகித்துத்தான் எழுதினார். அந்த ஊகம் தவறு என்று அடுத்த இரு வாரத்துக்குள் தெரிந்தது.

எழுதியவர் அகப்பட்டபோது

கட்டுரை வந்த ஆறாம் நாள், டிசம்பர் 5 அன்று, சீகன்தாலரும் வேல்ஸும் சிஎன்என் நிகழ்ச்சி ஒன்றில் சேர்ந்து பேசினார்கள். அதே நாளில், கணக்குத் தொடங்காதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரைகளை உருவாக்க முடியாதபடி தடை வந்தது. அந்த மாதத்திலேயே, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கான தனிக் கொள்கையும் உருவாயிற்று: சர்ச்சைக்குரிய தகவலுக்குச் சான்று இல்லையென்றால் விவாதத்துக்குக் காத்திராமல் உடனே நீக்கலாம் என்பது அதன் சாரம்.

விக்கிப்பீடியாவை நெடுநாளாக விமர்சித்துவந்த ஒருவர், அந்த ஐபி முகவரியை நாஷ்வில் நகரிலிருந்த ஒரு சிறு நிறுவனத்தோடு பொருத்திக் காட்டினார். அங்கே வேலை பார்த்தவர் தாமாகவே முன்வந்து, டிசம்பர் 9 அன்று மன்னிப்புக் கடிதத்தோடு வந்தார். சக ஊழியர் ஒருவரை வியக்கவைக்கச் செய்த வேடிக்கை என்றார். அந்தத் தளமே விளையாட்டுக்கான ஒன்று என்று நினைத்திருந்தாராம். அவர் வேலையிலிருந்து விலகினார்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்கலாம். கணக்கு இல்லாமல் எழுதியதால்தான் அவருடைய ஐபி முகவரி எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒரு புனைபெயரில் கணக்குத் தொடங்கி எழுதியிருந்தால் அது வெளியே தெரிந்திருக்காது. அவரும் அகப்பட்டிருக்க மாட்டார். ஆக, பெயர் இல்லாதவர்களைத் தடுக்க வந்த புதிய விதி, விஷமம் செய்கிறவருக்கு ஒரு முகமூடியையும் சேர்த்தே கொடுத்தது.

சீகன்தாலர் வழக்குத் தொடுக்கப்போவதில்லை என்று உறுதிசெய்தார். அந்த ஊழியரோடு தொலைபேசியில் பேசினார். அவரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி நிறுவனத்திடம் அவரே கேட்டார்; அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். இதைக் கருணை என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. நடைமுறைக் கணக்கிலும் இது மிகச் சரியான செயல். அதுவரை நாடே அவர் பக்கம் இருந்தது. தேசிய நாளிதழில் இடம் உள்ள ஒரு மூத்தவர், ஒரு சாதாரண ஊழியரின் பிழைப்பைக் கெடுத்தார் என்று கதை திரும்ப ஒரு வாரம் போதும். பழி சுமத்தப்பட்டவர் பழிவாங்குகிறவராகத் தெரிய ஆரம்பித்ததும், மூலக் குற்றச்சாட்டு பொய் என்ற விஷயமே பின்னால் போய்விடும். வேலையை மீட்டுக் கொடுத்ததால் அவர் அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

நீக்கியும் ஓயாத ஒன்று

இதற்குப் பத்தாண்டு முன்னால் நடந்த வேறொரு நிகழ்வைப் பக்கத்தில் வைத்தால்தான், அந்தக் கட்டுரை என்ன வேலை செய்தது என்பது தெளிவாகும். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் செய்திப்பலகையில், இறந்தவர்களைக் கேலிசெய்யும் வாசகங்கள் அச்சிட்ட டி-ஷர்ட் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் வந்தது. அதில் போட்டிருந்த தொலைபேசி எண், எந்தத் தொடர்பும் இல்லாத சியாட்டில்வாசி ஒருவருடையது. வீட்டிலிருந்தே தொழில் செய்தவர் என்பதால் எண்ணை மாற்றவும் அவரால் முடியவில்லை.

அவர் உடனே ஏஓஎல்லிடம் முறையிட்டார். நீக்குகிறோம், ஆனால் மறுப்பு வெளியிடுவது எங்கள் வழக்கமில்லை என்றார்கள். ஒன்றை நீக்க, அடுத்த நாள் இன்னொன்று முளைத்தது. ஏப்ரல் 30 அளவில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வசவு அழைப்பு வந்ததாக வழக்கின் தீர்ப்பு பதிவுசெய்கிறது. மே 1 அன்று ஓக்லஹோமா வானொலி ஒன்று அந்த விளம்பரத்தைப் படித்துக் காட்டி, அந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று கேட்பவர்களைத் தூண்டியது. கொலை மிரட்டல்கள் வந்தன. போலீசார் வீட்டைக் கண்காணிக்க வேண்டியிருந்தது.

அழைப்புகள் எப்போது குறைந்தன? ஓக்லஹோமாவின் நாளிதழ் ஒன்று அது மோசடி என்று செய்தி வெளியிட்டு, வானொலியும் மன்னிப்புக் கேட்ட பிறகு. மே 14 வாக்கில் நாளுக்கு 15 என்ற அளவுக்கு வந்தது. 1997 நவம்பரில், மேல்முறையீட்டு நீதிமன்றம் 230-ஆம் பிரிவைக் காட்டி ஏஓஎல்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஏஓஎல் நீக்கிக்கொண்டுதான் இருந்தது; ஆனால் ஏற்கெனவே படித்துக் கோபத்தோடு தொலைபேசியை எடுத்தவருக்கு அந்த நீக்கம் எதையும் சொல்லவில்லை. பழியைக் கேட்ட அதே ஊரில், அதே காதுகளுக்குத் திருத்தம் போனபோதுதான் அழைப்பு குறைந்தது. நீக்கம் இனிமேல் படிக்கப்போகிறவருக்கு, திருத்தம் படித்துவிட்டவருக்கு. சீகன்தாலர் அக்டோபரில் முதலாவதைப் பெற்றுவிட்டார். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் நவம்பரில் இரண்டாவதைத் தேடியதுதான் அவர் செய்ததில் முக்கியமானது.

தேசிய நாளிதழ் இல்லாதவருக்கு

அவரிடம் இருந்த மேடை நம்மில் யாரிடமும் இல்லை. தான் தொடக்கத்தில் பணியாற்றிய நாளிதழிலேயே எழுதும் வாய்ப்பு, பெயரைக் கேட்டதும் தொலைபேசியை எடுக்கும் நிறுவனர், விசாரித்துத் தரும் நண்பர்கள். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சில மிஞ்சுகின்றன.

நீக்கச் சொல்வதற்கு முன் சான்றைப் பிடித்து வைத்துக்கொள்வது முதலாவது. பதிவின் முழு முகவரி, தேதி, நேரம், முன்பின் உரையாடல் எல்லாம் தெரியும்படி திரைநகல் வேண்டும். தன்மீதான வரியை மட்டும் வெட்டி எடுத்த படம் போதாது. நீக்கியதும் உங்கள் கையிலிருந்த ஆதாரமும் சேர்ந்தே மறைகிறது. விக்கிப்பீடியா போல வரலாற்றைச் சேமிக்கும் இடங்கள் குறைவு.

பதிலை எங்கே எழுதுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். குற்றச்சாட்டு ஓர் உரையாடலில் வந்திருக்க, மறுப்பைத் தங்கள் சொந்தப் பக்கத்தில் எழுதுவார்கள். அங்கே இருப்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே நம்புகிறவர்கள். குற்றச்சாட்டு இருக்கும் இடத்திலேயே, சொந்தப் பெயரில், ஒரே ஒரு பதில். அதில் அவர்கள் சொன்னது அப்படியே, உண்மையான பகுதி எது என்ற ஒப்புதல், பொய்யான பகுதிக்கு எவரும் சரிபார்க்கக்கூடிய ஒரு சான்று. பிறகு விலகிவிடலாம். குற்றம் சாட்டியவர் ஒருபோதும் ஒத்துக்கொள்ளப்போவதில்லை, அவரை ஒத்துக்கொள்ள வைப்பது உங்கள் வேலையும் இல்லை. வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு அந்த ஒரு பதில் போதும். ஐந்தாவது பதிலில் எப்படியும் ஒரு சூடான சொல் விழும். அதைத்தான் எல்லோரும் திரைநகல் எடுப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. ‘இவர் எழுத்து குப்பை’ என்பது கருத்து, அதற்குச் சான்று காட்டி மறுப்பது வீண். ‘இவர் பணத்தைக் கையாடினார்’ என்பது தகவல், அதை விடக் கூடாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். சீகன்தாலர் மிகச் சிலரே படித்திருக்கக்கூடிய வரிகளை இலட்சக்கணக்கானோர் முன் எடுத்து வைத்தார். நகல் தளங்கள் மூலம் அது ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்ததால் அவர் முடிவு சரி என்பேன். பத்துப் பேர் உள்ள குழுவில் ஒருவர் சொன்ன பழிக்கு உலகறிய மறுப்பு எழுதுவது பழியை நாமே சுமந்துகொண்டு போய்க் கொடுப்பதாகும். அங்கே அந்தப் பத்துப் பேரிடம் பேசினால் முடிந்தது.

சட்டம் என்ன நேரம் தருகிறது

தளத்தின் பொறுப்பு எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இல்லை. இங்கிலாந்தில் 1997 ஜனவரியில் ஓர் இயற்பியலாளரின் பெயரில் போலியான செய்தி ஒன்று இணையக் குழுவில் வந்தது. அவர் இணைய நிறுவனத்துக்கு ஃபேக்ஸில் எழுத்துமூலம் அறிவித்தார். அவர்கள் அதை நீக்காமல் விட்டார்கள். 1999 மார்ச்சில் நீதிமன்றம், தகவல் கிடைத்த பிறகும் சும்மா இருந்தவர்களுக்கு அறியாமை என்ற தற்காப்பு கிடையாது என்றது. அந்த ஃபேக்ஸும் அதன் தேதியும் இல்லாவிட்டால் வழக்கே நின்றிருக்காது. தொலைபேசியில் கெஞ்சுவதைவிடத் தேதியிட்ட ஒரு கடிதம் ஏன் மேல் என்பதற்கு இது போதும். இந்தியாவில் 2015 மார்ச் 24 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுக்கு வேறு விளக்கம் தந்தது: நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ கிடைத்தும் நீக்காவிட்டால்தான் தளம் தன் பாதுகாப்பை இழக்கும். அதாவது அவதூறு விஷயத்தில் இங்கே தனிநபரின் கடிதம் மட்டும் தளத்தைச் சட்டப்படி கட்டாயப்படுத்தாது.

அவதூறுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கும் கால வரம்பு இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஓர் ஆண்டு. சீகன்தாலர் வாழ்ந்த டென்னசி மாநிலத்திலும் எழுத்துவழி அவதூறுக்கு ஓர் ஆண்டுதான். பொதுவாக அது பதிவு வெளியான நாளிலிருந்து எண்ணப்படும். பாதிக்கப்பட்டவர் அதைக் கண்ட நாளிலிருந்து எண்ணப்படும் என்று நம்பியிருக்க முடியாது. அவருக்கு அதில் நான்கு மாதம் தெரியாமலே கழிந்துவிட்டது. மின்னஞ்சல்கள், தொலைபேசி, இணைய நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்தது என்று இன்னும் இரண்டு மாதம். வழக்கு வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தபோது, வேண்டும் என்று சொல்லவும் அவருக்கு ஏறத்தாழ ஆறு மாதம் மீதி இருந்தது.